டிரம் சுற்றவில்லையா? கம்ப்யூட்டர் முறையில் பழுது காணலாம்!

கம்ப்யூட்டர் இதழில் வாஷிங் மெஷினுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. முழு ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினுக்குள் இருப்பதும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். மைக்ரோ கன்ட்ரோலர் என்னும் சிப், தண்ணீரின் அளவு, கதவு மூடியுள்ளதா என்பது போன்ற தகவல்களைப் பெற்று, மோட்டாருக்கும் வால்வுக்கும் கட்டளை தருகிறது. கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் வேலை செய்யவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. வாஷிங் மெஷினில் பார்க்கலாம், கேட்கலாம், கையால் சுற்றியும் பார்க்கலாம். எனவே பழுது காணும் முறையைக் கற்றுக் கொள்ள இது நல்ல பாடம்.

நான் சாப்ட்வேர் துறையில் பணிபுரிகிறேன். ஒரு புரோகிராம் இயங்காவிட்டால் நாங்கள் செய்யும் முதல் வேலை, எதுவரை சரியாக நடக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான். அதே முறையை இங்கும் பின்பற்றலாம்.

முதலில் பாதுகாப்பு

கையை உள்ளே விடும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி விடவும். ஈரத் தரையில் வெறும் காலுடன் நிற்க வேண்டாம். பின் மூடியைத் திறந்தால் உள்ளே கன்டென்சர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அதன் முனைகளைத் தொடக் கூடாது.

படிப்படியாகச் சோதித்தல்

1. மின்சாரம் வருகிறதா? அதே பிளக் பாயின்ட்டில் வேறு ஒரு சாதனத்தைச் சொருகிப் பார்க்கவும். இங்கே ஒரு எச்சரிக்கை. மொபைல் சார்ஜரும் லேப்டாப் அடாப்டரும் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும். அவை இயங்குவதால் மின்னழுத்தம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. இன்டக்ஷன் மோட்டாரின் சுழற்று விசை, மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால், விசை ஏறக்குறைய 61 சதவீதம்தான் கிடைக்கும். துணி நிறைந்த மெஷின் சுற்றாமல் நிற்க இதுவே போதும்.

2. மெஷின் எதற்காவது காத்திருக்கிறதா? கதவு சரியாக மூடாவிட்டால் சிப் மோட்டாரை இயக்காது. தண்ணீர் வெளியேறாவிட்டால் பிழியும் வேலை தொடங்காது. வெளியேற்றும் குழாய் மடங்கியிருக்கிறதா, உயரத்தில் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். புடவை, போர்வை ஒரே பக்கம் சுருண்டு எடை சமமில்லாமல் போனாலும் மெஷின் நின்றுவிடும். திரையில் எழுத்துகள் தெரிந்தால் அவற்றைக் குறித்துக் கொள்ளவும். உதாரணமாக, எல்.ஜி. மெஷின்களில் "யு.இ." என்றால் எடை சமமில்லை, "டி.இ." என்றால் கதவு, "ஓ.இ." என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, "எல்.இ." என்றால் மோட்டார் தொடர்பான பிரச்சினை. உங்கள் மெஷினுக்கு உரியதைக் கையேட்டில் காணலாம்.

3. என்ன சத்தம் வருகிறது? இதுதான் முக்கியமான சோதனை. எந்தச் சத்தமும் இல்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். டைமர், மூடி சுவிட்ச், வயர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, ஆனால் டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். "உம்" என்ற முனகல் மட்டும் வந்தால் மின்சாரம் போகிறது, மோட்டாரால் கிளம்ப முடியவில்லை என்று பொருள். அப்படியே ஓடவிட்டால் காயில் சூடாகிக் கருகிவிடும். சில விநாடிகளில் அணைத்து விடவும்.

4. கையால் சுற்ற முடிகிறதா? பிளக்கைப் பிடுங்கி, துணியையும் தண்ணீரையும் எடுத்துவிட்டுச் சுற்றவும். இறுகி நின்றால் ஏதோ சிக்கியிருக்கலாம். ஹேர்பின், நாணயம், குழந்தையின் சாக்ஸ் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். பெல்ட் உள்ள மெஷினில் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாகச் சுற்றினால் பெல்ட் போயிருக்கலாம்.

முனகல் ஏன் வருகிறது?

ஒற்றை பேஸ் மின்சாரத்தால் தனியாகச் சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்க முடியாது. மோட்டாரின் இரண்டு காயில்களில் ஒன்றுக்குக் கன்டென்சர் வழியாக மின்சாரம் செல்லும். இதனால் இரண்டிலும் ஓடும் மின்சாரத்திற்கு இடையே நேர வித்தியாசம் உண்டாகி, காந்தப் புலம் சுழலத் தொடங்குகிறது. கன்டென்சர் வலுவிழந்தால், மின்சாரம் இருந்தும் மோட்டார் முனகிக் கொண்டே நிற்கும்.

ஒரு நேரடி உதாரணம்

திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தி வீட்டில் செமி ஆட்டோமேட்டிக் மெஷின். பாட்டி படுத்த படுக்கையாக இருப்பதால் தினமும் இரண்டு முறை துணி துவைக்க வேண்டும். ஒரு நாள் துவைக்கும் தொட்டி சுற்றவில்லை. வந்து பார்த்தவர், "மோட்டார் போய்விட்டது, 3,500 ரூபாய் ஆகும்" என்றாராம். சித்தி போனில், "புது மெஷினே வாங்கிடலாமாப்பா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சித்தி. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். பிழியும் தொட்டி சுற்றுகிறதா? சுற்றுகிறது. இரண்டு தொட்டிக்கும் தனித்தனி மோட்டார், ஆனால் பிளக் ஒன்றுதான். எனவே மின்சாரம் மெஷினுக்குள் வருகிறது. துவைக்கும் பக்கம் சத்தம் வருகிறதா? முனகுகிறது. எனவே டைமர் மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்புகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் உள்ள பல்சேட்டரைக் கையால் சுற்ற முடிகிறதா? முடிகிறது, சற்றுக் கனமாக. எனவே எதுவும் சிக்கவில்லை, பெல்ட்டும் இருக்கிறது. மாலையில் மின்னழுத்தம் சரியாக இருந்தபோதும் அதே முனகல்.

மீதம் இருந்தவை இரண்டு: கன்டென்சர், மோட்டார் காயில். இதில் எது என்று போனில் சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். விலை குறைந்ததும் மாற்ற எளிதானதும் கன்டென்சர்தான். வேறொரு மெக்கானிக்கை அழைத்து, "முதலில் கன்டென்சரைப் பாருங்கள்" என்று சொல்லச் சொன்னேன். அது மாற்றப்பட்டதும் தொட்டி சுற்றியது. அன்று மாலையே பாட்டியின் துணிகள் கொடியில் காய்ந்தன.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்

கம்ப்யூட்டர் இயங்கவில்லை என்றதும் "மதர்போர்டு போச்சு" என்ற முடிவுக்கு வர வேண்டாம். விளக்கு எரிகிறதா? ஃபேன் சுற்றுகிறதா? பீப் ஒலி வருகிறதா? திரையில் படம் வருகிறதா? ஃபேன் சுற்றி, திரை மட்டும் இருண்டிருந்தால், முதலில் மானிட்டரின் சுவிட்சையும் கேபிளையும் பார்க்கவும். அடுத்து ராம் சரியாகப் பொருந்தியுள்ளதா என்று பார்க்கலாம். பீப் ஒலியின் எண்ணிக்கை, வாஷிங் மெஷின் திரையில் வரும் எழுத்து போலத்தான். அதைக் குறித்துக் கொண்டு மதர்போர்டு கையேட்டில் பொருளைத் தேடவும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பழுது என்று கடைசிவரை தெரியாது.

எப்போது மெக்கானிக் தேவை?

மெஷினைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பிளக் சூடானாலோ சோதனையை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரை அழைக்கவும். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் பின் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். அழைக்கும்போது, "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சத்தம் வருகிறது, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்துச் சொல்லவும். அந்தத் தாள் கையில் இருந்தால், தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டுவது கடினம்.