சங்கீத வித்வானைக் கதையில் எழுதும்போது

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரும் சிறுகதைகளைப் படித்துப் பார்க்கும் பணியைச் சில ஆண்டுகளாக என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் இலக்கியம் படித்தவனல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, கரக்பூரில் ரயில் பெட்டிகளோடு 35 ஆண்டுகள் காலம் தள்ளியவன். ஆயினும் ஒன்றைக் கவனித்து வருகிறேன். எந்த ஆண்டானாலும் இரண்டு மூன்று கதைகள் சங்கீத வித்வான்களைப் பற்றியவையாக வந்துவிடும். ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சங்கீதம்தான் ஊர் போலும்! அவற்றில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. எழுத விரும்பும் அன்பர்களுக்கு அதைச் சொல்லலாமென்று தோன்றியது.

வித்வான் பாட ஆரம்பித்ததும் 'தேனாய்ப் பொழிந்தார்', 'கந்தர்வ கானம்', 'சபையே மெய்ம்மறந்தது' என்று எழுதிவிடுகிறோம். எந்த வித்வானுக்கும் பொருந்துகிற வார்த்தைகள் இவை. படிப்பவர் காதில் ஒன்றும் விழுவதில்லை.

தி. ஜானகிராமன் முறையாகச் சங்கீதம் பயின்றவர். டில்லி வானொலியில் பணியாற்றியவர். ராக லட்சணம் எழுத அவரால் முடியாதா என்ன? அவருடைய 'செய்தி' என்ற சிறுகதையில் ஒரு நாகஸ்வர வித்வான் மேல்நாட்டுச் சங்கீதக்காரர் ஒருவர் முன்னிலையில் சாமா ராகக் கீர்த்தனையை வாசிக்கிறார். அங்கே ஆசிரியர் நம்மை வாத்தியத்தைப் பார்க்க விடுவதில்லை. கேட்கும் அந்த வெள்ளைக்காரரின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வைக்கிறார். அதற்கு முன்பே, சினிமாப் பாட்டு வாசிக்கும் மகனிடம் வித்வானுக்கு இருக்கும் மனக்குறையையும் காட்டிவிடுகிறார். அந்தக் குறையைச் சுமந்துகொண்டுதான் அவர் வாசிக்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ராகம் தெரியாதவனுக்கும் கதை புரிகிறது.

வங்காளத்தில் இருக்கும் நமக்கு இன்னோர் உதாரணமும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. தாராசங்கர் பந்தோபாத்யாயரின் கதையை வைத்து சத்யஜித் ராய் 1958-இல் எடுத்த 'ஜல்சாகர்'. அதன் நாயகன் பாடகரல்ல, கேட்கிற ஜமீன்தார். மழை இரவில் கச்சேரி நடக்கிறது. படகில் வரவேண்டிய மனைவியும் மகனும் இன்னும் வந்து சேரவில்லை. சரவிளக்கு ஆடுகிறது. மதுக் கிண்ணத்தில் விழுந்த பூச்சி ஒன்று தத்தளிக்கிறது. அதைப் பார்த்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது.

அடுத்தது தொழில். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் படமாக வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நாகஸ்வரக்காரர் தனி ஆள் அல்ல, ஒரு செட்டு என்பது அதில் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது! கூட நாயனம், தவில், ஒத்து, தாளம். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தால் அத்தனை பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். (அந்த ரயில் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.)

நமக்கு வந்த கதை ஒன்றில் தாலி கட்டும் நேரத்தில் மல்லாரி வாசித்தார்கள். மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது; தாலிக்குக் கெட்டிமேளம். இன்னொன்றில் வித்வான் பெட்டியைத் திறந்து நாயனத்தை எடுத்தார், உடனே பொழிந்தார். காய்ந்த சீவாளி பேசாது. அதை உதட்டில் வைத்து ஈரமாக்கி, பதம் பார்த்து, சரியில்லையென்றால் நாயனத்தில் கட்டித் தொங்கும் வேறொன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பந்தலில் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று வித்வான் கண்ணை ஓடவிடுவது அந்த இடைவெளியில்தானே? கதைக்கு வேண்டிய இடமே அது. அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

இவ்வளவு சொல்கிற நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் நின்றதும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே போவார்களே, பார்த்திருப்பீர்கள். விரிசல் கண்ட சக்கரம் மொத்தென்று பேசும். ஒரு மிருதங்கக்காரர் கல்லும் குச்சியுமாக வலந்தலையைச் சுற்றித் தட்டிச் சுருதி கூட்டுவதைக் கண்டபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் குடியிருப்புக்கு அருகில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பெரியவர் அவர். ஒரு நவராத்திரிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் வாசிப்பதை நிறுத்தி, மிருதங்கத்தைக் கீழே வைத்துவிட்டார். 'குடி' என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் அதைக் கதையாக்கினேன். இது 1994-இல். பெயரை மட்டும் மாற்றினேன். ஊர், வயது, கழுத்தில் சுற்றிய மப்ளர் எல்லாம் அப்படியே அவருடையவை. மலர் வெளிவந்தது, பாராட்டும் கிடைத்தது.

பத்து நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தோம், தொடவில்லை.

"தொப்பியிலே ரவையைப் பிசைஞ்சு ஒட்டுறதை அப்படியே எழுதியிருக்கீங்க தம்பி. மத்ததை என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்?"

சர்க்கரை வியாதியால் அவருக்கு இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. குடிப்பழக்கமே கிடையாது. மலர் வந்த பிறகு இரண்டு வீட்டில் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. நான்தான் தலை நிமிரவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு பிள்ளைதான் திரும்பி வந்தான்.

கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ரவையை எழுதும்போது கவனமாக இருந்த நான், மனிதரை எழுதும்போது வதந்தியை நம்பினேன். வித்வான்கள் என்றால் குடி, வித்யாகர்வம், கண்ணீர் என்று ஒரு சரக்கு நம்மிடம் தயாராக இருக்கிறது. கைக்கு வந்ததை எடுத்து ஒட்டிவிடுகிறோம். இப்போதெல்லாம் ஒருவரின் விரலை, மற்றொருவரின் வீட்டை, மூன்றாமவரின் கோபத்தை எடுத்துக் கலந்துதான் எழுதுகிறேன். உயிரோடு இருப்பவரிடமிருந்து பெரிதாக எதையாவது எடுத்தால், அவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

மறு வருடம் அதே கதையை விரல்களின் கதையாகத் திருத்தி எழுதி, அவர் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், "கச்சேரி முடிஞ்சதும் ரவையைச் சுரண்டி எடுக்கணுமே தம்பி, அதை விட்டுட்டீங்களே. அப்படியே விட்டா காய்ஞ்சு இறுகிப் போயிடும்" என்றார். அன்று இரவே அந்த இரண்டு வரிகளைச் சேர்த்தேன்.