சாலைப் பணியிடம்: ஓட்டுநரும் தொழிலாளியும் நலமாக வீடு திரும்ப

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஒரே விபத்தில் காயமுற்ற இருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒருவர், உள்நோயாளியாக இருந்த தம் தாயைக் காண இருசக்கர வாகனத்தில் விரைந்து வந்த இளைஞர். மற்றவர், நெடுஞ்சாலை விரிவாக்கப் பணியில் கொடி காட்டி நின்ற தொழிலாளி. இளைஞருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. தொழிலாளிக்கு இடுப்பெலும்பு முறிவும் உள் இரத்தக் கசிவும் இருந்தன. இருவரும் பிழைத்தனர், ஆனால் தொழிலாளி மீண்டும் ஊன்றுகோலின்றி நடக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

வேகம் செய்யும் வேலை

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க நமக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி தேவை. அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடும். பின்னர் உலர்ந்த சாலையிலும் வாகனம் நிற்க மேலும் 35 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே 26 மீட்டர்தான். பணியிடத்தில் மணலும் சரளையும் சிதறிக் கிடப்பதால் நிற்கும் தொலைவு இன்னும் கூடும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எலும்பும் ஈரலும் அதைத் தாங்கா.

வாகனம் ஓட்டுவோர் கவனத்திற்கு

சாலைப் பணியிடம் நான்கு பகுதிகளைக் கொண்டது: முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, பணி நடக்கும் பகுதி, பழைய தடத்திற்குத் திரும்பும் பகுதி. முதல் எச்சரிக்கைப் பலகையைக் கண்டவுடனேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். தொழிலாளியைக் கண்ட பிறகு குறைப்பது காலம் கடந்த செயல்.

1. தடம் குறுகும் இடத்தில் முந்த வேண்டாம். முன்செல்லும் வாகனத்திற்குப் போதிய இடைவெளி விடுங்கள்.
2. பழைய தார் சுரண்டப்பட்ட பரப்பிலும் மேடுபள்ளமான விளிம்பிலும் இருசக்கர வாகனம் எளிதில் சறுக்கும். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் தேவை.
3. சளி, அரிப்பு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அவற்றை உட்கொண்டபின் வாகனம் ஓட்டாதீர்கள்.
4. டயாலிசிஸ், பரிசோதனை முதலியவற்றுக்கு வருவோர் அரைமணி முன்னதாகவே புறப்படுங்கள். சில நிமிடத் தாமதத்தை நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

தொழிலாளர் குடும்பத்தினருக்கு

ஒளிரும் மேலாடையும் தலைக்கவசமும் அணியாமல் பணிக்குச் செல்ல விடாதீர்கள். போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதையும், பின்னோக்கி வரும் லாரியின் பின்னால் செல்வதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

வெயிலில் பணிபுரிபவர் பிதற்றினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நீரால் நனைத்து, விசிறி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். சூடான தார் உடலில் பட்டால் 20 நிமிடங்கள் குளிர்ந்த குழாய்நீரை ஊற்றுங்கள். ஒட்டிய தாரைப் பிய்க்கக் கூடாது. தோலும் சேர்ந்து உரியும். கல் உடைக்கும், கான்கிரீட் அறுக்கும் பணியில் எழும் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். சாதாரணத் துணி அதைத் தடுக்காது. உரிய முகக்கவசமும் நீர் தெளித்தலும் தேவை.

விபத்து நேர்ந்துவிட்டால்

உங்கள் வாகனத்தைப் பாதுகாப்பாக ஓரம் நிறுத்தி 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐயும் அழைக்கலாம். குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தைத் திருப்பாதீர்கள், குடிக்க நீர் தராதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், விபத்துக்குப் பின் முதல் 48 மணிநேர சிகிச்சை, அதில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எனவே செலவை எண்ணித் தயங்க வேண்டாம்.

அந்த இளைஞரின் தாய், குணமாகி வீடு செல்லும் நாளில், தொழிலாளியின் படுக்கையருகே சென்று அவர் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அன்று பத்து நிமிடங்கள் தாமதமாக வந்திருந்தால், மகன் நலமாகவே வந்து சேர்ந்திருப்பார்.