நேரச் சேர்வர் கைவிட்டால்

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய வளாகமோ, கல்முனைக் கடையின் பத்துக் கணினிகளோ, வெளி நேரச் சேர்வர் நின்ற உடனே எதுவும் நேரம் தவறாது. கணினிக்குள் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் மணிக்கூடு நாளுக்கு ஓரிரு விநாடிதான் பிசகும். ஆனால் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு பக்கம் பிசகும். விண்டோஸ் டொமைனில் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் லொகினே ஆகாது. எல்லாம் ஒரே நேரத்தில் நிற்பதுதான் முதல் தேவை. துல்லியம் அதற்குப் பிறகு.

ஆகவே முதலில் லினக்ஸ் மெஷின் ஒன்றில் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி என்ற மென்பொருளைப் போட்டு அதையே தாய் மணிக்கூடாக்குங்கள். ரவுட்டர், சிசிடிவி, விரல் அடையாள மெஷின் எல்லாம் அதை மட்டும் கேட்கட்டும்.

அந்தத் தாய்க்கு வெளியே நான்கு மூலங்கள் கொடுங்கள். இரண்டு பள்ளிவாசல் மணிக்கூடுகள் முரண்பட்டால் எது சரி என்று எப்படிச் சொல்வது? மூன்று இருந்தால் பிழையானது பிடிபடும். நான்காவது, ஒன்று படுத்தால் ஈடுகட்ட. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் சேர்வரே 2000ஆம் ஆண்டைக் காட்டியது.

நான்கும் ஒரே கேபிளில்தானே வருகின்றன? அது அறுந்தால் கைகொடுப்பது, அமைப்புக் கோப்பில் 'லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10' என்ற ஒரு வரி. வெளியே யாரும் பதில் தராவிட்டாலும் தாய் தன் நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதன் குவார்ட்ஸ் எவ்வளவு பிசகும் என்று குரோனி கற்று வைத்த டிரிஃப்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது கரண்ட். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. மதர்போர்டின் சிஆர் 2032 பற்றரி செத்திருந்தால், கரண்ட் வந்ததும் மெஷின் பழைய திகதியில் விழிக்கும். தாயை யூபிஎஸ்ஸில் வையுங்கள். அதை முதலில் எழுப்பி, திகதியைப் பார்த்த பிறகே மற்றவற்றைப் போடுங்கள். நேரத்தை ஒரேயடியாகக் குதிக்க வைக்கும் குரோனியின் 'மேக்ஸ்டெப்' தொடக்கத்து முதல் மூன்று திருத்தங்களோடு நிற்கட்டும். பில் போடும் நடுவில் நேரம் பின்னால் குதித்தால் கணக்கு குழம்பும்.

வசதியிருந்தால், கேபிள் அறுந்தாலும் நேரம் கிடைக்க, பிபிஎஸ் (விநாடிக்கொரு துடிப்பு) உள்ள ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று வாங்குங்கள். அன்ரனாவைக் கூரையில், வானம் திறந்த இடத்தில் வைத்து, இணைப்பை நீர்புகாத டேப்பால் சுற்றுங்கள். கடற்கரை உப்பு செம்பைத் தின்றுவிடும்.

சரியாக அரை மணி பிசகினால் சேர்வரைத் திட்டாதீர்கள். 2006 ஏப்ரலில் நாடு நேரத்தை அரை மணி பின்னுக்கு வைத்ததை அறியாத பழைய மெஷின் அது. நேரச் சேர்வர் அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டுமே. மணிக்கூட்டில் கை வைக்காமல் நேர வலயத்தை ஐந்தரைக்கு மாற்றுங்கள்.