எழுந்து போகிறவர் கணக்கை மூடிவிட்டுப் போகட்டும்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து எஸ்டி சான்றுக்கு வந்தவர் கள்ளக்குறிச்சியில் உங்கள் கவுண்டர் முன் நிற்கிறார். மலைக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஸ்கேன் செய்த பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது; சிபியூவில் டிஸ்கின் சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது. "சர்வர் ஸ்லோங்க" என்று சொல்லித் தப்பிக்கலாம். பல நேரம் குற்றம் சர்வர் மீதல்ல, காலை ஷிஃப்ட் முடித்துப் போனவர் மீது.

இ-சேவை மையமோ டிடிபி கடையோ, ஒரே கம்ப்யூட்டரில் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் இடத்தில் சேர்பவர் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் 'சுவிட்ச் யூசர்' அழுத்தினால் முந்தையவர் திறந்துவைத்த குரோம், எக்செல், பேஜ்மேக்கர் எதுவும் மூடாது. 4 ஜிபி ராமில் மூன்றாவது ஆளுக்கு இடம் ஏது?

இடம் போதாதபோது விண்டோஸ், உடனே தேவைப்படாததை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். ராமையும் இதையும் சேர்த்து ஆளும் ஏற்பாடுதான் விர்ச்சுவல் மெமரி. பேஜ் ஃபைலை வீட்டுப் பரண் என்று வையுங்கள். தீபாவளிப் பலகாரச் சட்டிக்குச் சரி. தினமும் காபி டம்ளரை அங்கே வைத்தால் ஏணியிலேயே பொழுது போய்விடும். ஏற்றி இறக்குவதிலேயே மெஷின் மூச்சுத் திணறுவதற்கு 'த்ராஷிங்' என்று பெயர். கணினி விஞ்ஞானி பீட்டர் டென்னிங் 1968-லேயே இதை அலசி எழுதிவிட்டார்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் 'யூசர்ஸ்' பகுதி, யார் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறார் என்று பெயரோடு காட்டும். அட்மின் உரிமை இருந்தால் அங்கிருந்தே அவரை வெளியேற்றலாம். ஆனால் சேமிக்காத வேலை போய்விடும். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் செய்வதில்தான் ஷிஃப்ட் சண்டைகள் ஆரம்பிக்கும்.

'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரியைத் தொட்டால் 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள். முதல் எண், ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லையான இரண்டாவதை நெருங்கினால் புரோகிராம்கள் பாதியில் விழத் தொடங்கும். பேஜ் ஃபைல் ஆளுக்கொன்று கிடையாது, எல்லாருக்கும் பொது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அணைத்து வைக்காதீர்கள். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்; நீங்கள் சி டிரைவில் இடம் காலியாக வைத்தால் போதும்.

முதலாளியிடம் புதுக் கம்ப்யூட்டர் கேட்கும் முன் அதே பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று காலியென்றால், இன்னொரு ராம் வாங்கிச் செருகச் சொல்லுங்கள்.