காலாவதியான வான்வழித் தரவு

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்த பல இடங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பழைய செம்மண் பாதைகள் சில மூடப்பட்டுள்ளன. புதிய சாலைகள் உருவாகியுள்ளன. கைப்பேசியில் உள்ள பழைய வரைபடத்தை நம்பி வருபவர், பூட்டிய வாயிற்கதவின் முன் போய் நிற்க நேரிடலாம். அவர் காரை நிறுத்திவிட்டு யாரிடமாவது வழி கேட்கலாம். ஆனால், வானில் பறக்கும் விமானத்தை அப்படி நிறுத்த முடியாது.

வானத்திலும் பாதைகள் உண்டு. அவற்றின் விவரங்கள் விமானக் கணினியின் தரவுத்தளத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கும். ஓடுபாதைகளின் எண், நீளம், வழிப்புள்ளிகள், வானொலி அலைவரிசைகள், தரையிறங்கும் முறைகள் ஆகியவை அதில் அடங்கும். மலாக்கா பத்து பெரெண்டாம் விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் 03, 21 என எண்கள் உள்ளன. திசைகாட்டியில் அவை ஏறத்தாழ 30 பாகையையும் 210 பாகையையும் குறிக்கின்றன. பூமியின் காந்தப்புலம் மெல்ல மாறிக்கொண்டிருப்பதால், சில இடங்களில் இந்த எண்களும் மாறுகின்றன. அமெரிக்காவின் தாம்பா விமான நிலையத்தில் 18 என்றிருந்த ஓடுபாதை எண் 2011ஆம் ஆண்டு 19 ஆனது.

ஒவ்வொரு நாடும் விரும்பிய நாளில் இத்தகைய மாற்றங்களைச் செய்தால் பெருங்குழப்பம் ஏற்படும். எனவே, அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு பொது நாள்காட்டியை வகுத்துள்ளது. அதன்படி, முக்கியமான மாற்றங்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் நடைமுறைக்கு வருகின்றன. அவற்றின் விவரங்கள் குறைந்தது 28 நாள்களுக்கு முன்பே உரியவர்களைச் சென்றடைய வேண்டும்.

புதிய தரவு, வழக்கமாக உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் நடைமுறைக்கு வரும். அப்போது மலேசியாவில் காலை மணி 8.00. புதன்கிழமை இரவு கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்குப் புறப்படும் விமானம் அவ்வேளையில் நடுவானில் இருக்கும். பறக்கும்போது தரவுத்தளத்தை மாற்றுவதில்லை. ஆகவே, எந்தத் தரவைப் பயன்படுத்துவது, வழியில் எவை மாறப்போகின்றன என்பனவற்றை விமானிகள் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும். தரவு காலாவதியாகியிருந்தால், விதிமுறை அனுமதித்தால் மட்டுமே பறக்கலாம். அப்போதும் ஒவ்வொரு வழிப்புள்ளியையும் புதிய வரைபடத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் அவசியம். மாறிவிட்ட தரையிறங்கும் முறையைப் பழைய தரவைக் கொண்டு பின்பற்றக்கூடாது.

கணினியில் உள்ள தரவு புதியதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஒரு துயர நிகழ்வே சான்றாகும். 1979ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், ஏர் நியூசிலாந்து நிறுவனத்தின் 901ஆம் எண் விமானம் அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டப் பயணிகளை ஏற்றிச் சென்றது. விமானிகளுக்கு முன்னதாகக் காட்டப்பட்ட வழி, சமமான கடற்பனியின் மேல் செல்வதாக இருந்தது. ஆனால், புறப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன் கணினியில் வழியின் இறுதிப் புள்ளி திருத்தப்பட்டது. புதிய வழி எரிபஸ் எரிமலையை நோக்கிச் சென்றது. இதனை விமானிகளிடம் எவரும் தெரிவிக்கவில்லை. வெண்மேகமும் வெண்பனியும் ஒன்றாகத் தோன்றியதால், எதிரே நின்ற மலை அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானம் மலையில் மோதி 257 பேரும் உயிரிழந்தனர்.

முதலில் விமானிகள் மீதே பழி விழுந்தது. பின்னர், 1981ஆம் ஆண்டு அரச விசாரணை ஆணையம், விமானிகளுக்குத் தெரிவிக்காமல் வழியை மாற்றியதே முதன்மைக் காரணம் என்று கூறியது. அன்று கணினியில் இருந்தது புதிய தரவு. விமானிகளின் மனத்தில் இருந்ததோ பழைய தரவு.

ஆகவே, தரவைப் புதுப்பிப்பவர், அதனை அறிவிப்பவர், சரிபார்ப்பவர் ஆகிய மூவரும் தத்தம் கடமையைச் செய்ய வேண்டும். வருமுன் காப்பதே அறிவுடைமை. மாற்றத்தை உரிய நேரத்தில் உரியவரிடம் தெரிவிக்கும் ஒரு சொல், நூற்றுக்கணக்கான உயிர்களைக் காக்கும்.