ஊற்றண்டைக்குப் போன எலிசா

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: 2 இராஜாக்கள் 2:19-22





வேப்பந்தட்டை வட்டாரக் கிராமங்களில் நம் சுகாதாரக் குழுவினர் குடிநீரைப் பற்றியும் ஏரி குளங்களைப் பற்றியும் ஜனங்களோடு பேசிவருவதை அறிந்த அன்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "நாங்கள் காணிக்கை அனுப்புவது ஏழை நோயாளிகளின் வைத்தியச் செலவுக்கு. ஏரிக்கரையில் மிஷன் மருத்துவமனைக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. ஜெபத்தோடும் தியாகத்தோடும் அனுப்பப்படுகிற பணம் எங்கே போகிறதென்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு வரிப் பதில் எழுதுவதைவிட, இந்த முறை வேத பாடத்தையே அதற்கு ஒதுக்குவது நல்லதென்று எண்ணினோம்.

எலியா பரமேறிச் சென்று சில நாட்களே ஆகியிருந்தன. எலிசா எரிகோவில் தங்கியிருந்தார். அப்போது அந்த ஊர் மனிதர் அவரிடத்தில் ஒரு முறையீட்டோடு வந்தார்கள். ஊர் அமைந்திருக்கிற இடம் நல்ல இடந்தான். எரிகோவைப் பேரீச்ச மரங்களின் பட்டணம் என்றே வேதம் அழைக்கிறது. ஆனால் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. அதனால் நிலமும் பலன் தராமற்போயிற்று. இங்கே நிலத்தைக் குறித்து வருகிற எபிரெயச் சொல் சாதாரணமான சொல் அல்ல. பிள்ளைகளை இழப்பதையும் கரு கலைவதையும் சொல்லுகிற வார்த்தை அது. எனவே அந்தத் தண்ணீரால் கர்ப்பவதிகளும் சினை ஆடுமாடுகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வேத பண்டிதர் பலர் கருதுகிறார்கள். பிரசவ வார்டு வைத்திருக்கிற நாம் இந்தச் சொல்லை எளிதாகத் தாண்டிப்போக முடிவதில்லை.

எலிசா புதுத் தோண்டி ஒன்றும் அதிலே உப்பும் கேட்கிறார். கொண்டுவந்து கொடுப்பவர்கள் அந்த ஊராரே. அதன்பின் அவர் செய்வதைக் கவனியுங்கள். வீடு வீடாகப் போய் அவரவர் குடத்தில் உப்பிடவில்லை. ஊருக்கு வெளியே நடந்து, தண்ணீர் புறப்படுகிற இடத்துக்கே போகிறார். (இதை வாசித்துவிட்டு யாரும் உப்பு மூட்டையோடு ஊர்க் கிணற்றுக்குப் போய்விட வேண்டாம்! உவர்த் தண்ணீர் இன்னும் உவர்க்கும். சுகமாக்கினவர் கர்த்தர் என்பதை 21ஆம் வசனம் தெளிவாகச் சொல்லுகிறது.) அந்த ஊற்று இன்றும் எரிகோவில் இருக்கிறது. எலிசாவின் ஊற்று என்றுதான் அதற்குப் பெயர்.

இன்னொரு காரியம். தண்ணீர் ஆரோக்கியமானதைச் சொல்ல இங்கே வருகிற எபிரெய வினை, வியாதிஸ்தர் குணமாவதைச் சொல்லுகிற அதே வினை. மாராவின் கசப்பான தண்ணீர் மதுரமானவுடனே, கர்த்தர் தம்மைப் பரிகாரியாக அறிவிக்கிற யாத்திராகமம் 15:26லும் அதே வினைதான் வருகிறது. மனிதனைக் குணமாக்குவதற்கு ஒரு சொல், தண்ணீரைக் குணமாக்குவதற்கு வேறொரு சொல் என்று வேதம் பிரித்து வைக்கவில்லை.

இனி நம் வார்டுக்கு வருவோம். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு இன்று நாம் முதலில் கொடுப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 1971இல் வங்காள தேச அகதிகள் முகாம்களில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத் துணிந்து பயன்படுத்தினார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மடிந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. எத்தனை மலிவான மருந்து! ஆனால் பிழைத்த குழந்தை எந்தத் தண்ணீருக்குத் திரும்பிப் போகிறது? அதே குழாய், அதே கிணறு. அடுத்த மாதம் அதே தாய் அதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

புளோரைடு இன்னும் கொடியது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாமல் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகிறது. அதற்கு மேற்பட்ட தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை ஏறும், பிறகு எலும்பு கெட்டியாகி முதுகு வளையும். வளைந்த முதுகை நிமிர்த்த எந்த மருத்துவமனையிலும் மாத்திரை கிடையாது. கொதிக்கவைத்துக் குடித்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். புளோரைடோ, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடைசியில் தண்ணீரின் மூலத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் காவிரித் தண்ணீர் அங்கே கொண்டுவரப்பட்டது.

வைத்தியரும் போதகரும் கூடி ஒரு ஊற்றைத் தேடிப்போன சம்பவம் ஒன்று நவீன வைத்திய வரலாற்றிலும் உண்டு. 1854 ஆகஸ்ட் மாதக் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. 616 பேர் மாண்டார்கள். கெட்ட காற்றினாலே காலரா வருகிறது என்று படித்தவர்களும் நம்பிய காலம். டாக்டர் ஜான் ஸ்நோ மட்டும் பிராட் தெருவிலிருந்த அடிபம்பைச் சந்தேகித்தார். இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்து அதிகாரிகளிடம் முறையிட்டார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. இவ்வளவும் பல பாடப் புத்தகங்களில் உண்டு. அந்தப் பகுதித் திருச்சபையின் உதவிக் குரு ஹென்றி வைட்ஹெட் அவர்களை அதிகம் பேர் அறியார். அப்போது அவருக்கு வயது 28. ஸ்நோ சொன்னதை அவர் நம்பவில்லை. அதைத் தவறென்று காட்டவே தாமும் விசாரிக்கப் புறப்பட்டார். தம் சபையாரின் வீடுகளுக்கு நாள்தோறும் போய்வருகிறவர் ஆனதால் எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்தது. ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பச் சந்தித்தார். விசாரிக்க விசாரிக்க, டாக்டர் சொன்னதே உண்மை என்று கண்டார். பம்புக்கு மிக அருகில் உள்ள ஒரு வீட்டில் கைக்குழந்தை ஒன்று முதலில் நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய தண்ணீர் கிணற்றையடுத்த மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டுபிடித்தவர் அந்தக் குருவானவர்தான். அந்தக் குழி தோண்டிப் பார்க்கப்பட்டபோது கழிவுநீர் கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. தம் வாழ்நாள் முழுவதும் ஸ்நோவின் படத்தை அவர் தம் படிப்பறையில் வைத்திருந்தாராம்.

நம் தமிழ்நாட்டிலேயே இதைப் போன்ற ஒரு முறையீடு நடந்திருக்கிறது. வேலூர் என்றால் நம் வாசகர்களுக்கு 1900இல் ஒற்றைப் படுக்கையோடு மருந்தகம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் நினைவுக்கு வருவார். அதே வட்டாரத்தில் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்ற ஆய்வும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, பல்லாயிரம் பேருக்குப் பிழைப்பு தருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி சபைகளில் அந்தத் தொழிலை நம்பி வாழும் விசுவாசிகளும் உண்டு; நாமும் அதை மறுக்கமாட்டோம். ஆனாலும் கெடுத்தவரே அதைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி அன்று இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாயிற்று. இவ்வளவு நடந்தும் பாலாறு இன்னும் குணமாகவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே காரியத்தில் உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. எரிகோவின் தண்ணீர் பிற்காலத்திலும் நன்றாகவே இருந்தது என்று 22ஆம் வசனம் சாட்சி சொல்லுகிறது. அப்படி எழுத வேண்டுமானால் யாரோ பிற்பாடும் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்பொழுது வேப்பந்தட்டைக்கு வருவோம். மேற்கே பச்சைமலை. அங்கிருந்து இறங்கும் கல்லாறு மழைக்காலத்தில் ஓடும், மற்ற நாட்களில் மணலாய்க் கிடக்கும். விசுவக்குடியில் அதன் குறுக்கே அணை கட்டியிருக்கிறார்கள். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளைகிற பூமி. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அடியிலே கடினப் பாறை. பாறையின் மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் தங்கியிருக்கிற மழைத் தண்ணீரைத்தான் கிணறும் போரும் கொடுக்கின்றன. மேலே ஏரி நிரம்பினால் கீழே வெடிப்பு நிரம்பும். ஏரி தூர்ந்தால் போர் ஆழமாகும். ஆழத்திலே பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீரில் பாறையின் உப்புகள் அதிகம் கரைந்திருக்கும்.

இதனோடு பருவநிலை மாற்றம் சேர்ந்துகொண்டது. படிக்காத ஜனங்களுக்கு இது புரியாது என்று எண்ண வேண்டாம். "மழை முன்னே மாதிரி பேயறதில்லீங்க" என்று கிராமத்துத் தாத்தாக்கள் சொல்லுவதைத்தான் விஞ்ஞானிகளும் சொல்லுகிறார்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆகையால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாதபோது நீண்டு காயும். 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. பெரம்பலூர் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 86 சென்டிமீட்டர்தான்! வெள்ளம் வந்தால் சாக்கடை கிணற்றில் கலந்து வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வருகின்றன. வறட்சி வந்தால் கை கழுவவும் தண்ணீர் இல்லை. இரண்டு வழியாகவும் வியாதி நம் வாசலுக்குத்தான் வந்து சேருகிறது.

உலகம் சூடாவதை ஒரு கிராமம் நிறுத்திவிட முடியாது. கொட்டுகிற மழையைப் பிடித்து வைக்க முடியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியில் தென்னைகளையெல்லாம் சாய்த்துப்போட்டது. அந்தப் பகுதி வாலிபர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற அமைப்பாகக் கூடி, அடுத்த ஆண்டே 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். கைப்பணம் போட்டவர்கள், வண்டி கொடுத்தவர்கள், உடலுழைப்பு தந்தவர்கள் என்று எல்லாரும் சேர்ந்தே செய்தார்கள். எரிகோவின் புதுத் தோண்டியும் உப்பும் அந்த ஊராரின் கையிலிருந்தே வந்தன என்பது நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. வெளியிலிருந்து வந்து யாரோ வெட்டிக்கொடுத்துப் போகிற குளத்தின் வரத்து வாய்க்காலை அடுத்த ஆண்டு யார் சுத்தம் செய்வார்கள்?

ஆகையால் அன்பர்களின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். உங்கள் காணிக்கையில் நாங்கள் ஏரி வெட்டப் போவதில்லை. அது ஊராரும் அரசாங்கமும் செய்ய வேண்டிய வேலை. வைட்ஹெட் ஐயர் செய்தது போல வீடு வீடாகப் போய்க் கேட்பது, வந்த நோயாளி எந்தத் தண்ணீர் குடித்தார் என்று எழுதி வைப்பது, அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது, முடிவை ஊராரின் கையில் கொடுப்பது ஆகியவையே எங்கள் பங்கு. இதற்கு ஆகும் செலவு ஒரு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. படுக்கைகள் குறைக்கப்படமாட்டா, மருந்தும் குறையாது. மருத்துவமனைக்கு வராமலே சுகமாயிருக்கிறவர்களின் புகைப்படத்தை மட்டும் எங்களால் உங்களுக்கு அனுப்ப முடியாது.

இதை உங்கள் சபையிலும் செய்து பார்க்கலாம். தமிழ்நாடு குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் மாவட்டந்தோறும் உண்டு. கட்டணம் கட்டினால் யாருடைய தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். ஆலய வளாகத்துக் கிணற்றிலிருந்தே தொடங்குங்கள். அடிபம்பானால் சில நிமிடம் அடித்து ஊற்றிவிட்டு, அதன்பின் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். முடிவு வந்ததும் அதை மேசை அறையில் பூட்டி வைக்காதிருங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊர் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படுகிறதா என்று கூட்டம் கலையுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவாகக் கூடிப் படிக்கிறவர்கள் யாத்திராகமம் 15:22-27ஐயும் சேர்த்து வாசித்து, நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது, அதைக் கெடுப்பது எது, அந்த இடத்தை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறோம் என்று பேசுங்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.