பானட்டில் ஸ்கூப்: ஓட்டை போட்டா மட்டும் போதுமா?

1965 பான்டியாக் ஜி.டி.ஓ. படம் பார்த்திருப்பீங்க. பானட் நடுவுல கம்பீரமா ஒரு ஸ்கூப். ஆனா ஃபேக்டரியிலிருந்து வரும்போது அது வெறும் அழகுக்குத்தான், காற்று உள்ளே போகாது. அதை வேலை செய்ய வைக்க பான்டியாக் தனியா ஒரு கிட் விற்றது. கார்புரேட்டர்களைச் சுற்றி ஒரு தகரத் தட்டு, அதுக்கும் பானட்டுக்கும் நடுவுல ஃபோம் சீல்.

சீல் எதுக்கு? கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை! உண்மையான லாபம் வெப்பநிலையில் இருக்கு. பானட்டுக்குள் 60 டிகிரி, வெளியே 30 டிகிரி செல்சியஸ்னு வைங்க. கெல்வினில் 333, 303. அதாவது வெளிக்காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் அதிகம். சீல் இல்லைன்னா இன்ஜின் பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஏர் கிளீனர் மேல களிமண் வெச்சு, பானட்டை மெதுவா மூடித் திறங்க. நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் ஆடும், அதுக்கும் இடம் விடுங்க.

2. பானட்டின் அடிப்பக்கச் சட்டம் எங்கே ஓடுதுன்னு பார்த்துட்டு மார்க் பண்ணுங்க. சட்டத்தை வெட்டினா பானட் பலம் இழக்கும்.

3. வெட்டின விளிம்பில் உடனே பிரைமர் அடிங்க, இல்லன்னா துரு பிடிக்கும்.

4. மழைத்தண்ணி உள்ளே வரும். அது ஏர் கிளீனருக்குப் போகாம வடிய வழி வையுங்க.

முக்கியமா, ஒரிஜினல் பானட்டை வெட்டாதீங்க. அதைப் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, அதே அளவில் புதுசா செஞ்ச பானட்டில் வெட்டுங்க.